பிக்கரல் நிற்கும் ஆழம்: வட ஒன்ராறியோ ஏரிகளில் தூண்டில்

கனடாவின் வட ஒன்ராறியோவுக்கு முதன்முறை தூண்டிலோடு போகிறவர்களின் பெட்டியைத் திறந்தால் முப்பது நிறத்தில் ரப்பர் புழு இருக்கும். வெப்பமானி இருக்காது. அந்த ஏரிகளில் மீன் படுவதும் படாததும் நிறத்தைவிட ஆழத்தையே நம்பியிருக்கிறது. மீன் எந்த ஆழத்தில் நிற்கும் என்பதைத் தண்ணீரின் சூடும், வெளிச்சமும், காற்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. மீன் நிற்கிற ஆழம் தெரிந்தால் சுமாரான இரைகூடப் போதும். தெரியாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இரையும் வெறும் தண்ணீரைத்தான் சுற்றி வரும்.

ஆரம்பத்திலேயே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஒன்ராறியோவின் மீன்கடையிலும் படகுத்துறையிலும் 'பிக்கரல்' என்று சொல்லும் மீன், அரசின் விதிப்புத்தகத்தில் 'வால்ஐ' என்ற பெயரில் இருக்கும். விதிப்புத்தகத்தில் பிக்கரல் என்று தேடிவிட்டு, கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இங்கே பிக்கரல் என்றே எழுதுகிறோம். துறையில் புழங்கும் பெயர் அதுதான்.

இரண்டு ஏரி, இரண்டு கணக்கு

நோர்த் பே நகரை ஒட்டிக் கிடக்கிறது நிப்பிசிங் ஏரி. அங்கிருந்து 11ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் போனால் டெமகாமி ஏரி. ஒன்றில் பழகியதை அப்படியே மற்றதில் செய்தால் நாள் வீணாகும்.

நிப்பிசிங்கின் பரப்பு 870 சதுர கிலோமீட்டர் அளவு. சராசரி ஆழமோ ஐந்து மீட்டர்கூட இல்லை. இவ்வளவு அகலமும் இவ்வளவு மேலோட்டமான ஆழமும் சேர்ந்தால், காற்று மேலிருந்து அடிவரை தண்ணீரைக் கலக்கிவிடும். நடுக்கோடையிலும் மேலே இருக்கும் சூடுதான் கிட்டத்தட்ட அடியிலும் இருக்கும். தண்ணீரும் சற்றுக் கலங்கல். அதனால் பிக்கரல் பகலிலும் இரை எடுக்கும். இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில்கூட நிற்கும்.

டெமகாமி பல கைகளாக நீண்டு கிடக்கும் ஆழமான, தெளிந்த ஏரி. கோடையில் அது மூன்று அடுக்காகப் பிரியும். மேலே 20 டிகிரியைத் தாண்டிய சூட்டு நீர். நடுவில் சில மீட்டருக்குள்ளேயே சூடு மளமளவென்று இறங்கும் ஓர் இடையடுக்கு. அதற்குக் கீழே ஆண்டு முழுவதும் குளிர்ந்தே கிடக்கும் நீர். தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும் என்பதே இதற்கெல்லாம் காரணம். குளிர்நீர் கனமாக அடியில் தங்குகிறது, சூட்டு நீர் இலேசாக மேலே மிதக்கிறது, கோடைக் காற்றுக்கு இரண்டையும் கலக்கும் வலு இருப்பதில்லை. லேக் டிரவுட் அந்தக் கீழடுக்கை நம்பி வாழும் மீன். பிக்கரல் மேலடுக்கிலும் இடையடுக்கின் விளிம்பிலும் திரியும்.

பிக்கரலின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் ஒன்று உண்டு. இரவில் விளக்கடித்தால் பூனைக் கண்போல மின்னுவது அதனால்தான். மங்கல் வெளிச்சத்தில் தன் இரையைவிட நன்றாகப் பார்க்கும் வசதி அதற்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்தித்தான் வேட்டையாடும். எனவே தெளிந்த ஏரியில் சூரியன் மறைவதற்கு ஒரு மணி முன்பிருந்து இருட்டிய பிறகு ஒரு மணி வரை, காலையில் விடியும் நேரம், இவ்வளவுதான் பொன்னான பொழுது. பகல் 11 மணிக்குக் கண்ணாடிபோல் கிடக்கும் டெமகாமியில் பிக்கரல் தேடுவது பொறுமைப் பயிற்சி. காற்று எழுந்து நீர்முகம் சிலுசிலுத்தால் கதை மாறும்: வெளிச்சம் சிதறும், சின்ன மீன்கள் காற்று மோதும் கரைக்குத் தள்ளப்படும், பிக்கரல் அவற்றின் பின்னால் வரும். படகை ஒதுக்க வசதியான அமைதிக் கரையை விட்டுவிட்டு, காற்று நேரே அடிக்கும் கரைக்குப் போங்கள்.

ஆழ அளவி (நீரடியைத் திரையில் காட்டும் கருவி) இல்லாதவர்களும் இடையடுக்கைக் கண்டுபிடிக்கலாம். வெறும் வெப்பமானியைக் கயிற்றில் இறக்கினால், மேலே இழுத்து வருவதற்குள் சூட்டு நீர் பட்டு அளவு மாறிவிடும். சிறிய பிளாஸ்டிக் போத்தலுக்குள் வெப்பமானியையும் இரண்டு ஈயக் குண்டையும் போட்டு, மூடியில் ஒரு துளை மட்டும் இடுங்கள். கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு. குறித்த ஆழத்தில் மூன்று நான்கு நிமிடம் விட்டால் அந்த ஆழத்துத் தண்ணீரே போத்தலை நிரப்பிக்கொண்டு மேலே வரும். அளவு எங்கே மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்குகிறதோ அதுதான் இடையடுக்கு. ஆழ அளவி இருந்தால் அதன் கூர்மையைக் கூட்டி வையுங்கள். திரையில் மங்கலான பட்டையாக இடையடுக்கு தெரியும்.

மாதம் மாறினால் இடம் மாறும்

வடக்கின் பெரும்பகுதியில் பிக்கரல் பிடிக்க மே மாத மூன்றாம் சனிக்கிழமைதான் கதவு திறக்கும். அந்த நாளுக்குக் காரணம் இருக்கிறது. பனிக்கட்டி உடைந்த கையோடு, தண்ணீர் 4 முதல் 10 டிகிரிக்குள் இருக்கும்போது, ஆற்று வாய்களிலும் கூழாங்கல் கரைகளிலும் பிக்கரல் முட்டையிடும். கதவு திறக்கும் நாளில் ஆண் மீன்கள் இன்னும் அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருக்கும். பெரிய பெண் மீன்கள் களைத்து, சில நாள் இரையே எடுக்காமல் ஆழத்துக்கு ஒதுங்கும். எனவே மே கடைசியில் ஆற்று வாய்க்கு அருகே 2 முதல் 4 மீட்டர் ஆழம். அடி கறுத்த, ஆழம் குறைந்த குடாக்கள் பிற்பகலில் இரண்டு மூன்று டிகிரி கூடச் சூடேறும். மாலையில் அங்கே பாருங்கள். விடியற்காலையில் போய் உறைவது வீரம்தான், ஆனால் அந்த மாதத்தில் மதியத்துக்குப் பிறகுதான் மீன் வாய் திறக்கும்.

ஜூனில் நீர்ச்செடி முளைக்கும். செடி முடிந்து வெறுந்தரை தொடங்கும் விளிம்பு, 3 முதல் 5 மீட்டர். வரைபடத்தில் பெரிய குடாவும் ஆழ நீரும் சந்திக்கும் முனைகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் நீரடிப் பாறைத்திட்டுகள். நம் கடலோரத்தார் இதைப் 'பார்' என்பார்கள். இந்த ஏரிகளுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. சுற்றிலும் 15 மீட்டர் ஆழம், நடுவில் 6 மீட்டருக்கு எழும் ஒரு பார் என்றால், பகலில் அதன் சரிவில் 7 முதல் 9 மீட்டரில் மீன் நிற்கும். இருட்டினால் உச்சிக்கு ஏறும். பாரின் எல்லாப் பக்கமும் சமமல்ல. காற்று மோதும் பக்கத்தை முதலில் பாருங்கள், அடுத்து கல்லும் மணலும் சந்திக்கும் பக்கம். இருபது நிமிடத்தில் ஒரு தட்டல்கூட இல்லையென்றால் அடுத்த பாருக்கு நகருங்கள். ஒரே இடத்தில் மூன்று மணி நேரம் நங்கூரம் போட்டு இரையை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு.

செப்டம்பர் முடிவில் மேல்நீர் குளிர்ந்து கனத்து இறங்கும். அடுக்குகள் கலையும், ஏரி தலைகீழாகப் புரளும். அடியில் அழுகிக் கிடந்தவை மேலே வர, தண்ணீர் சில நாள் கலங்கி நாறும். மீன் எல்லா ஆழத்திலும் சிதறிக் கிடப்பதால் அந்த ஒரு வாரம் யாருக்கும் பிடிபடாது. அந்த வாரத்தில் ஏரியை விட்டு, அதில் சேரும் ஆற்றுக்குப் போங்கள். ஓடும் தண்ணீர் அடுக்காகப் பிரிவதில்லை, ஆகவே புரள்வதும் இல்லை.

ஜிக்கும் அதன் விழுகையும்

வடக்கில் ஒரே ஒரு கருவிதான் கொண்டுபோகலாம் என்றால் அது ஜிக். தலையில் ஈயம் வார்த்த ஒற்றை முள். எடைக் கணக்கு இப்படி: 3 மீட்டர் ஆழம் வரை 1/8 அவுன்ஸ், அதாவது மூன்றரை கிராம். 6 மீட்டர் வரை 1/4 அவுன்ஸ். அதற்கும் கீழே 3/8. காற்று படகை இழுத்தாலோ நீரோட்டம் இருந்தாலோ ஒரு படி ஏற்றுங்கள். சோதனை எளிது: ஜிக் தரையைத் தொடும் கணத்தில் நரம்பு, அதாவது தூண்டில் இழை, சட்டென்று தளரும். அந்தத் தளர்வு கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் எடை போதாது. தரை தட்டும்போது 'டொக்'கென்று கல்லில் சிக்கிக்கொண்டே இருந்தால் எடை அதிகம்.

தரையைத் தொட்டதும் 15 முதல் 20 சென்டிமீட்டர் தூக்குங்கள். பிறகு தடியின் நுனியை ஜிக்கோடு சேர்த்தே இறக்குங்கள், நரம்பு தொய்யாமலும் விறைக்காமலும். வேலையெல்லாம் இந்த இறக்கத்தில்தான். பிக்கரல் இரையைக் கவ்விக்கொண்டு ஓடும் மீன் அல்ல; வாயையும் செவுளையும் விரித்துத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். நரம்பு விறைத்திருந்தால் ஜிக் வாய்க்குள் போகாது. மீன் நுனியை மட்டும் கிள்ளிவிட்டுப் போகும். நரம்பு தொய்ந்திருந்தால் உள்ளே போய்த் துப்பிய பிறகும் உங்களுக்குத் தெரியாது. சரியாக இருந்தால் தடியில் ஒரு சின்ன 'டிக்'. சில நேரம் அதுகூட இல்லை. அடுத்த முறை தூக்கும்போது ஈரத் துணியைத் தூக்குவதுபோல் ஒரு கனம் மட்டும். இரண்டுக்கும் மணிக்கட்டால் ஒரு வெட்டு போதும். தோளோடு இழுத்தால் வாய் கிழியும்.

உயிருள்ள சிறுமீனைக் கோர்க்கும்போது கீழுதட்டிலிருந்து மேலுதட்டுக்கு முள்ளை ஏற்றினால் நீண்ட நேரம் உயிரோடு துடிக்கும். ஆனால் எறிந்தால் கழன்றுவிடும். எறிந்து பிடிக்கிறவர்கள் வாய்க்குள் விட்டுச் செவுள் வழியே எடுத்து, முதுகுத் தசையில் ஒருமுறை குத்தவேண்டும். அட்டையை அதன் அகன்ற பக்கத்து உறிஞ்சியில் கோர்த்தால் விரிந்து நீந்தும். ஒல்லியான முனையில் கோர்த்தால் பந்தாகச் சுருண்டுவிடும். சிறுமீனின் வால் மட்டும் கடிபட்டு வருகிறதா? இன்னும் சிறிய மீனுக்கு மாறுங்கள், அல்லது ஜிக்கின் கண்ணிலிருந்து 6 சென்டிமீட்டர் நரம்பில் சின்ன மும்முள் ஒன்றைக் கட்டி வால்பக்கம் செருகுங்கள்.

நிறத்தைப் பற்றிப் பேசாமல் விட்டால் சண்டைக்கு வருவார்கள்: தெளிந்த நீருக்கு வெள்ளை, வெள்ளி. தேயிலைச் சாயம்போல் பழுப்பேறிய நீருக்கு ஆரஞ்சு, பொன் நிறம், பச்சைமஞ்சள். அவ்வளவுதான்.

தடி ஆறரை அடி, நடுத்தரத்துக்குச் சற்று மெலிந்தது, நுனி மட்டும் வளைவது. ரீல் 2500 அளவு. நரம்பாகப் 10 பவுண்டு பின்னல் இழையும், முன்னால் 60 முதல் 90 சென்டிமீட்டர் 8 பவுண்டு ஃபுளோரோகார்பனும். 6 பவுண்டு தங்கூசி (ஒற்றை நைலான் இழை) மலிவு, முடியவும் எளிது. ஆனால் அது ரப்பர்போல நீளும். 8 மீட்டர் ஆழத்தில் நீங்கள் வெட்டுவது முள்ளுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி வலு கரைந்துவிடும். முடிச்சை இறுக்குமுன் எச்சில் பட நனையுங்கள். உலர்ந்து உரசும்போது எழும் சூடு நரம்பை அந்த இடத்திலேயே பலவீனமாக்கும். பெரிய மீன் அறுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் முடிச்சில்தான்.

நரம்பு சிக்காவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ரீலில் விளிம்பு வரை நிரப்பியது. இரண்டு மில்லிமீட்டர் இடம் விடவேண்டும். எறிந்த பிறகு ரீலின் வளையத்தைக் கையால் மூடாமல் கைப்பிடியைச் சுற்றி மூடியது. மீன் இழுத்து ஓடி 'கிர்ர்' என்று தளர்ந்துகொண்டிருக்கும்போதே எதிராகச் சுற்றியது. ஒவ்வொரு சுற்றும் நரம்பில் ஒரு முறுக்கை ஏற்றிவிடும். இழுவை இறுக்கம் நரம்பின் வலுவில் நான்கில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றுக்குள் இருக்கட்டும்.

பாறை இடுக்கில் சிக்கினால் வெட்டி இழுக்காதீர்கள். படகை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் மெல்லத் தூக்கினால் பாதிக்கு மேல் கழன்றுவிடும். அறுத்தே ஆகவேண்டும் என்றால் பின்னல் இழையைக் கையில் சுற்றாமல் ஒரு கட்டையில் சுற்றி இழுங்கள். அது கத்திபோல விரலில் இறங்கும்.

மே கடைசியிலிருந்து ஜூன் முழுவதும் கரும் ஈக்கள் மொய்க்கும். பூச்சிமருந்தில் உள்ள டீட் என்ற இரசாயனம் பிளாஸ்டிக்கை உருக்கும்: ரப்பர் புழு பிசுபிசுக்கும், கண்ணாடிச் சட்டம் வெளுக்கும். புறங்கையால் பூசி, உள்ளங்கையைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகே இரையைத் தொடுங்கள்.

உயிர் இரையைக் கொண்டுபோகும் விதி

2022 முதல் ஒன்ராறியோ நான்கு இரை மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. உயிருள்ளதோ செத்ததோ, இரைமீனையும் அட்டையையும் ஒரு மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப் போகக் கூடாது. ரொறன்ரோவில் வாங்கிய சிறுமீன் வாளியோடு நிப்பிசிங்குக்குப் போவது குற்றம். போன இடத்தில் வாங்குங்கள், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், வாங்கிய இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்தி முடியுங்கள். மிச்ச இரையையும் வாளித் தண்ணீரையும் ஏரியிலோ, ஏரியிலிருந்து 30 மீட்டருக்குள்ளோ கொட்டக் கூடாது. மண்புழு மிஞ்சினால் குப்பையில் போடுங்கள்; வடக்குக் காடுகளுக்கு மண்புழு அந்நியம், தரையின் இலைமெத்தையைத் தின்று தீர்த்துவிடும்.

வாளியில் சிறுமீன் செத்துக்கொண்டே இருந்தால் காரணம் இரண்டில் ஒன்று: குழாய்த் தண்ணீரின் குளோரின், அல்லது சூடு. நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் ஒட்சிசன் குறையும். சிறிய போத்தலில் தண்ணீரை உறையவைத்து வாளிக்குள் மிதக்கவிடுங்கள்.

லேக் டிரவுட்

மேல்நீர் 10 டிகிரிக்குக் கீழே இருக்கும் வசந்தத்தில் இது கரையோரமே வரும். பாறை செங்குத்தாக இறங்கும் கரையை ஒட்டி, 6 சென்டிமீட்டர் வெள்ளிக் கரண்டியை (கரண்டி வடிவ உலோக இரை) மணிக்கு 3, 4 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்தால் போதும். கோடையில் 15 முதல் 25 மீட்டருக்கு இறங்கிவிடும். அரை அவுன்ஸ் தலையில் வெள்ளைக் குழல் ரப்பரைச் செருகித் தரைவரை விட்டு, பத்துச் சுற்று வேகமாக ஏற்றுங்கள். இந்த மீனுக்குத் துரத்தப் பிடிக்கும். பின்னால் வருவது திரையில் தெரிந்ததும் 'பாவம், எட்டிப் பிடிக்கட்டும்' என்று நிறுத்தினால் திரும்பிப் போய்விடும். வேகத்தைக் கூட்டினால் பாய்ந்து கடிக்கும். ஜிக்கில் பிக்கரலுக்குப் பழகிய கை இங்கே எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்யவேண்டும்.

குளிர்நீரில் மெல்ல வளரும் மீன் இது. முட்டையிடும் வயதுக்கு வரவே பல ஆண்டுகள் எடுக்கும். இலையுதிர் காலத்தில் பாறைத்திட்டுகளில் முட்டையிடுவதால் அப்போது பிடிக்கத் தடை. தெளிந்த, ஆழமான ஏரி ஒன்றில் ஒரே கோடையில் பெரிய மீன்களை வாரிக்கொண்டு போனால் அடுத்த பத்தாண்டுக்கு அங்கே மீன் இருக்காது.

திருப்பி விடுவதில் நடக்கும் பிழை

பிக்கரலின் காற்றுப்பைக்கும் வாய்க்கும் வழியில்லை. பைக்குள் இருக்கும் காற்று இரத்தத்தின் வழியாகத்தான் மெல்ல வெளியேற முடியும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு. அங்கிருந்து சட்டென்று தூக்கினால் பை இரண்டு மடங்கு ஊதும். கண் பிதுங்கும், இரைப்பை வாய்க்கு வரும், விட்டால் மல்லாந்து மிதக்கும், கடற்காகம் கொத்தும். ஊசியால் பையைக் குத்திக் காற்றை இறக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. பெரும்பாலும் குத்துவது இரைப்பையையோ சிறுநீரகத்தையோதான். திருப்பி விடும் எண்ணம் இருந்தால் 9 மீட்டருக்குக் கீழே பிக்கரல் பிடிக்காமல் இருப்பதுதான் வழி. சட்டம் அனுமதிக்கும் எண்ணிக்கை வரம்பு நிரம்பியதும் ஆழத்தை விட்டு வெளியே வாருங்கள்.

லேக் டிரவுட்டின் காற்றுப்பை தொண்டையோடு இணைந்தது. ஏறும் வழியிலேயே ஏப்பம் விட்டுக் காற்றை இறக்கிக்கொள்ளும். மேலே வரும்போது நீர்முகத்தில் குமிழிகள் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஆகஸ்டில் 7 டிகிரியிலிருந்து 22 டிகிரிக்குத் தூக்கினால் சூட்டிலேயே சாகும். இரண்டு மீன் உங்கள் வரம்பு என்றால் இரண்டோடு நிறுத்துங்கள். பிடித்துப் பிடித்து விடுகிற விளையாட்டுக்கு இது மாதமல்ல.

கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள். உலர்ந்த கை மீனின் வழுவழுப்பை உரித்து எடுத்துவிடும், அதுதான் அதற்குக் கிருமியைத் தடுக்கும் தோல். தாடையில் தொங்கவிடாமல் வயிற்றைத் தாங்கிக் கிடையாகப் பிடியுங்கள். முள்ளை விழுங்கியிருந்தால் தோண்டாமல் நரம்பை அறுத்து விடுங்கள்.

பைக்கும் அதன் முள்ளும்

நார்தர்ன் பைக் தேடாமலே வரும். நரம்பைப் பல்லால் அறுக்கும் என்பதால் 25 சென்டிமீட்டர் கம்பி முன்னிழை, நீண்ட மூக்குக் குறடு, வாய் விரிப்பான் மூன்றும் வேண்டும். இந்த மீனைப் பலர் வேண்டாமென்று தள்ளுவது அதன் 'ஒய்' வடிவ முள்ளால். அதை நீக்கி ஐந்து துண்டு எடுக்கலாம்.

மீனை வயிறு பலகையில் படும்படி நிறுத்துங்கள். தலைக்குப் பின்னால் முதுகெலும்பு வரை நேராக வெட்டி, கத்தியைத் திருப்பி முதுகெலும்பின் மேலே உரசியபடி முதுகுத் துடுப்பு வரை கொண்டுபோய் மேலே எடுங்கள். அது முதல் துண்டு, முள் அறவே இல்லை. இப்போது திறந்த தசையில் இருபுறமும் விரலால் தடவினால் முள் நுனிகள் வரிசையாக நெருடும். அந்த வரிசையின் வெளிப்பக்கத்தை ஒட்டியே கத்தியை இறக்கி, விலா எலும்பின் மேலாக வளைத்து எடுத்தால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. முதுகுத் துடுப்புக்குப் பின்னால் ஒய் முள் இல்லை. வாலின் இரு பக்கமும் சாதாரணமாகச் சீவினால் மீதி இரண்டு. முதல் மீனில் பாதித் தசை எலும்போடு போகும். ஐந்தாவது மீனில் கை பழகிவிடும்.

உரிமம், எண்ணிக்கை, பாதரசம்

18 முதல் 64 வயது வரையான ஒன்ராறியோவாசிகளுக்கு உரிமம் வேண்டும். ஸ்போர்ட், கன்சர்வேஷன் என்று இரண்டு வகை. இரண்டாவது மலிவு, எண்ணிக்கையும் குறைவு. பிக்கரலுக்குப் பல மீன்பிடி மண்டலங்களில் (இவை இரை மண்டலங்கள் அல்ல) ஸ்போர்ட் 4, கன்சர்வேஷன் 2, அதில் 46 சென்டிமீட்டருக்கு மேல் ஒன்றுதான். நிப்பிசிங் உட்படப் பல ஏரிகளுக்குத் தனி விதி உண்டு. மண்டலப் பக்கத்தின் கீழே விதிவிலக்குப் பட்டியலில் ஏரியின் பெயரைத் தேடாமல் கிளம்பாதீர்கள். எண்ணிக்கையில் வீட்டு உறைபெட்டியில் கிடப்பதும் சேரும். போன வாரம் கொண்டுவந்த நான்கும் உறைந்து கிடக்கும்போது இந்த வாரம் நான்கு பிடித்தால் எட்டு வைத்திருப்பதாகவே பொருள்.

மீனைச் சீவிக் கட்டியாக உறையவைத்துக் காரில் ஏற்றினால் அபராதம் காத்திருக்கிறது. என்ன மீன், எத்தனை என்று அதிகாரி பார்த்ததும் தெரியவேண்டும். ஒவ்வொரு துண்டிலும் தோல் ஒரு பகுதி இருக்கட்டும், துண்டுகளைத் தனித்தனியாகப் பரப்பி உறையவையுங்கள். நீள வரம்பு உள்ள மீன் என்றால் வீடு போய்ச் சேரும் வரை முழு மீனாக வைப்பதே நிம்மதி.

பாதரசம் பெரிய, வயதான வேட்டை மீனில் சேரும். கழுவினாலும் கொழுப்பை அகற்றினாலும் சமைத்தாலும் போகாது, ஏனென்றால் அது தசையிலேயே இருக்கிறது. ஏரிவாரியாக, நீளவாரியாக மாதத்துக்கு எத்தனை வேளை உண்ணலாம் என்று ஒன்ராறியோ அரசு வழிகாட்டி வெளியிடுகிறது. குழந்தைகளுக்கும் கருவுறும் வயதுப் பெண்களுக்கும் அளவு குறைவு. 40 சென்டிமீட்டர் பிக்கரல் சட்டிக்கு, 65 சென்டிமீட்டர் பிக்கரல் தண்ணீருக்கு என்று வைத்துக்கொண்டால் வயிற்றுக்கும் நல்லது, ஏரிக்கும் நல்லது. முட்டை அதிகம் இடுவது அந்தப் பெரியதுதான்.

படகு

மே மாதத் தண்ணீரில் விழுந்தவருக்கு 1-10-1 என்ற கணக்கை மனிதோபாப் பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பினார். மூச்சு வசப்பட ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்கப் பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி நேரம். முதல் நிமிடத்தில் தலை மூழ்கி மூச்சை இழுத்தால் மீதி இரண்டுக்கும் வேலையில்லை. உயிர்காப்பு அங்கி இருக்கைக்கு அடியில் கிடந்தால் அந்த நிமிடத்தில் உதவாது. மோட்டார் நிறுத்தும் கயிற்றை உடம்போடு மாட்டுங்கள். 15 மீட்டர் மிதக்கும் வீசுகயிறு, நீர் இறைக்கும் கலம், துடுப்பு எல்லாம் சட்டப்படி இருக்கவேண்டியவை. மோட்டார் படகு ஓட்டுநர் அட்டையும் அப்படியே.

நங்கூரத்தை எப்போதும் படகின் முன்முனையான அணியத்தில்தான் கட்டவேண்டும். மோட்டார் பக்கம் கட்டினால் அலை தாழ்ந்த பின்சுவரைத் தாண்டி உள்ளே கொட்டும், மோட்டாரின் கனமும் சேர்ந்து படகு பின்னால் அமிழும். கயிறு ஆழத்தைப் போல ஐந்து மடங்கு. நிப்பிசிங்கில் மேல்காற்று எழுந்தால் அரை மணி நேரத்தில் குட்டையான, செங்குத்தான அலை நெருக்கி நெருக்கி வரும். காலையில் காற்றை எதிர்த்துப் போய்விடுங்கள். திரும்பும்போது அதுவே தள்ளிவிடும். டெமகாமியில் பயம் வேறு: வரைபடத்தில் இல்லாத பாறை. தெரியாத வழியில் மெதுவாகப் போங்கள். மாற்றுச் சுழலியும் அதன் முள்ளாணியும் குறடும் படகிலேயே இருக்கட்டும்.

மாலையில் படகை வண்டியில் ஏற்றியதும், துறையை விட்டு நகரும் முன், அடைப்பானைக் கழற்றி எல்லாத் தண்ணீரையும் வடியுங்கள், ஒட்டிய செடியை உருவி எறியுங்கள். 2022 முதல் இதுவும் சட்டம். நிப்பிசிங்கிலிருந்து வருகிறவர்கள் தடியின் வளையங்களைப் பாருங்கள். ஈரப் பஞ்சுபோல ஏதாவது திரண்டிருந்தால் அது முள்வால் நீர்த்தெள்ளு. சிறுமீன் உண்ணும் நுண்ணுயிர்களைத் தின்று தீர்க்கும் அந்நியச் சிற்றுயிர். நரம்பைத் துணியால் வழித்து, படகையும் வாளியையும் சூட்டு நீரால் கழுவி ஐந்தாறு நாள் வெயிலில் உலரவிட்ட பிறகே அடுத்த ஏரியில் இறக்குங்கள்.